கடைசி நாட்களில் ஒருவருக்குத் துணை இருப்பது: புதிதாக வருபவர்களுக்கு

"இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவமனை அனுப்பிவைத்த ஒருவருடன் போய் உட்கார்ந்திருக்க டாக்டர் படிப்பு தேவையில்லை. ஆனால் பழகிக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவை தெரியாவிட்டால் நல்ல மனதோடு செய்வதே அவருக்குத் தொந்தரவாகிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்காகவோ, சொந்தத்தில் ஒருவருக்காகவோ, ஒரு குழுவின் தன்னார்வலராகவோ முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படுத்த படுக்கையாகிவிட்டவரை வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். பாசம் இல்லாமல் இல்லை, அலுப்புதான் காரணம். அவர் காதுபடவே "ராத்திரி பூரா தூங்க விடல" என்று பேச்சு நடக்கும். வருகிறவர்கள் "சாப்பிடறாரா?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள், அவரிடம் கேட்க மாட்டார்கள். நிலத்தை விற்பதும் பேத்திக்குப் பெயர் வைப்பதும் அவருக்குத் தெரியாமலே முடிவாகும். ஊசி, மருந்து, காயம் எல்லாவற்றையும் செவிலியர் பார்த்துக்கொள்வார். படுத்திருப்பவர் இன்னும் அந்த வீட்டு ஆள்தான் என்பதைப் போகும் ஒவ்வொரு தடவையும் நடந்து காட்டுவதுதான் துணையாகப் போகிறவரின் வேலை. கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

போவதற்கு முன்னால்

முடிந்தவரை தனியாக இறங்காதீர்கள். பின்னால் ஒரு நோய் ஆதரவுக் குழு (தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கத் துணை நிற்பவர்கள்) இருப்பது நல்லது. இந்த விஷயத்தில் கேரளம் வழிகாட்டி. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், சில வருடங்களில் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே நடத்தும் அமைப்பாக மாறியது. கடைக்காரர், ஆசிரியர், ஓட்டுநர், மாணவர் என்று பலரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், அதன்பின் மேற்பார்வையில் 4 நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. அதற்கான செவிலியர் வட்டார அளவில் வீடு வீடாகப் போகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் அவருடைய தொடர்பு கிடைக்கும். வீட்டுக்குப் போகுமுன் அவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன நோய், நோயாளிக்கு அது தெரியுமா, தொட்டால் பரவக்கூடியது ஏதாவது உண்டா.

அப்புறம், உங்களால் முடிகிற நாளையும் நேரத்தையும் குறைத்தே சொல்லுங்கள். செவ்வாயும் சனியும் சாயந்திரம் நான்கு மணி என்றால் அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு நாளே அந்த நான்கு மணியை நோக்கித்தான் நகரும். தினமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் பத்து நாளில் நின்றுபோவதைவிட வாரம் ஒரு தடவை தவறாமல் போவது மேல்.

முதல் நாள்

செல்போனை அமைதியில் போட்டுப் பைக்குள் வையுங்கள். கட்டில் அருகே நின்றபடி பேச வேண்டாம். நிற்பவரை அண்ணாந்து பார்த்துப் பேசுவது படுத்திருப்பவருக்குச் சிரமம், கழுத்தும் வலிக்கும். ஸ்டூலையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ இழுத்துப்போட்டு, உங்கள் முகம் அவர் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி உட்காருங்கள். கட்டிலின் ஓரத்தில் உட்காராதீர்கள். எலும்பில் புற்று பரவியிருந்தால் மெத்தை லேசாக அசைந்தாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, "கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் "சரிங்கய்யா, சனிக்கிழமை வரேன்" என்று எழுந்துவிடுங்கள். அந்த வீட்டில் பல நாட்களாக அவர் சொல்லி நடந்த முதல் காரியம் அதுவாகக்கூட இருக்கலாம். அடுத்த தடவை நீங்கள் போகும்போது அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

காபி கொடுத்தால் குடியுங்கள். இது சின்ன விஷயமில்லை. வாய்ப்புற்று, மார்பகப் புற்று முற்றிப் புண்ணாகி வாடை வரும் வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் வருவதே குறைந்துவிடும். வந்தாலும் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நோயாளிக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வந்துவிடும், ஜன்னலோரம் அது தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான். ஒட்டாது. அதை வாயால் விளக்குவதைவிட, அவர் பார்க்க அந்த அறையிலேயே உட்கார்ந்து காபி குடிப்பது வீட்டாருக்குச் சீக்கிரம் புரியும். வாடையைக் கண்டு முகம் சுளித்துவிடுவோமோ என்று பயமிருந்தால் முதல் தடவை செவிலியருடன் சேர்ந்து போங்கள். புண்ணின் வாடையைக் குறைக்க அவர்களிடம் மருந்து இருக்கிறது, வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்பார்கள்.

முதல் நாள் அரைமணி நேரம் போதும். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பேச்சு

பெரும்பாலும் வாசலிலேயே மகனோ மருமகளோ வழிமறித்துச் சொல்வார்கள்: "அண்ணே, அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க."

அவர்களுடன் வாதாட வேண்டாம். அப்பா உடைந்துபோய்விடுவார் என்ற பயத்தில் சொல்கிறார்கள். "நானா எதுவும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அவரே கேட்டா, இல்லைன்னு அடிச்சுச் சொல்லவும் என்னால முடியாது, செவிலியர்கிட்ட பேசச் சொல்றேன்" என்பது வரை நீங்கள் சொல்லலாம். நோய் விவரத்தைச் சொல்வது மருத்துவக் குழுவின் வேலை. ஆனால் பாதிப் பேருக்கு மேல் உள்ளுக்குள் தெரிந்தேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கதிர் கொடுத்து, முடி கொட்டியபின் அல்சர் என்றால் யார் நம்புவார்கள்? பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவர் நடிக்கிறார், அப்பா வருத்தப்படுவாரே என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். பேச வேண்டியது எல்லாம் பேசாமலே போகிறது.

ஒருநாள், வீட்டார் அடுப்படியில் இருக்கும்போது, உங்களிடம் கேட்பார்: "ஏப்பா, நான் தேறிடுவேனா?"

"ஒண்ணும் ஆகாதுய்யா, நல்லாயிடுவீங்க" என்பதுதான் நாக்கு நுனிக்கு வரும். அதைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும், அப்புறம் அவர் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார். "ஏன்யா அப்படித் தோணுது? மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கொஞ்ச நேரம் எதுவும் வராது. ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்கும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். பிறகு வருவது பெரும்பாலும் சாவைப் பற்றியதாக இருக்காது. சொசைட்டியில் வாங்கிய கடன், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை, கொள்ளி யார் வைப்பது என்ற யோசனை, தனக்குப் பிறகு மனைவி எந்த மகன் வீட்டில் இருப்பாள் என்ற கவலை, இப்படித்தான் வரும். "இதை உங்க பையன்கிட்ட சொல்லட்டுமா, இல்ல நீங்களே பேசறீங்களா?" என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். அந்தத் தங்கைக்கு ஒரு போன் போட்டுக் கொடுப்பது பத்து மாத்திரைக்குச் சமம்.

சொல்லக் கூடாதவை: விதி, கர்மா, கடவுளின் சோதனை. உங்கள் சித்தப்பா இதே நோயில் பட்ட பாடு. வாட்ஸ்அப்பில் வந்த மூலிகை. "தைரியமா இருக்கணும்" என்பதும்தான். படுக்கையில் கிடப்பவர் தைரியமாகவும் இருந்து காட்ட வேண்டும் என்பது கூடுதல் சுமை.

பேச்சே இல்லாத நாளும் நல்ல நாள்தான். நகம் வெட்டிவிடுங்கள், தினத்தந்தி படித்துக் காட்டுங்கள், அவர் கேட்கும் பதிகத்தையோ பழைய பாட்டையோ போட்டுவிடுங்கள். எது வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய், முதுகு, சாப்பாடு

உடம்புக்கென்று நீங்கள் செய்யக்கூடியதில் முதலிடம் வாய்க்குத்தான். மூச்சை வாயால் விடுகிறவர்களுக்கு நாக்கு காய்ந்து பட்டையாகிவிடும், உதடு வெடித்து ரத்தம் கசியும். தண்ணீர் விழுங்க முடியாதவருக்கு இதுதான் பெரிய வேதனை. சுத்தமான காடாத்துணியை விரலில் சுற்றி, கொதித்து ஆறிய நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று மெதுவாகத் துடைத்துவிடுங்கள். தொண்டை வரை போக வேண்டாம், குமட்டும். பிறகு உதட்டில் தேங்காயெண்ணெயோ வாசலினோ லேசாகத் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்யலாம். நாக்கில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், செவிலியரிடம் சொல்லுங்கள், மருந்து கொடுப்பார்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு, குதிகால், வால் எலும்பு இருக்கும் இடங்களில் படுக்கைப்புண் வரும். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அதுதான் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். தூக்குவதைத் தனியாகச் செய்யாதீர்கள். விரிப்பைப் பிடித்து இருவர் நகர்த்தும் முறையைச் செவிலியரிடம் ஒருதடவை பார்த்துப் பழகுங்கள். தொடுவதற்கு முன் "அம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறோம்" என்று சொல்லுங்கள், அவர் கண் மூடியிருந்தாலும். உடை மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். பெண்களுக்குப் பெண்தான் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தால் ஆண் துணையாள் வெளியே போய்விட வேண்டும்.

சாப்பாட்டில்தான் வீடுகளில் அதிகம் சண்டை வரும். நமக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி ஊட்டுவதுதான். "ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று மனைவி கெஞ்சுவார், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மனைவி அழுவார். கடைசி வாரங்களில் உடம்புக்குப் பசி எடுப்பதில்லை. சாப்பிடாததால் சாகிறார் என்று வீட்டார் நினைக்கிறார்கள், உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். அந்தக் கட்டத்தில் குளுக்கோஸ் ஏற்றினாலும் பெரும்பாலும் கைகால் வீங்கும், சளி கூடும், அவ்வளவுதான். இதை மருத்துவக் குழுவையே வீட்டாருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஆசைப்பட்டால் ஒரு ஸ்பூன் மோர், நுங்கில் ஒரு துண்டு, ஐஸ்க்ரீம் ஒரு நக்கு. விழுங்க முடிகிறவரை, தலையைத் தூக்கி வைத்து, அவர் கேட்கிற அளவு மட்டும்.

வலி

வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் அதைச் சொல்ல மாட்டார், முகத்தில்தான் தெரியும். புருவம் சுருங்கும், பக்கம் மாற்றும்போது கை இறுகும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த இடம், வலி பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் தாங்கியது என்று குறித்து வையுங்கள். அடுத்து வரும் செவிலியருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றதும் வீடு பயப்படும். "போதை மருந்தாச்சே, அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாரே" என்பார்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருடங்கள் அது பல மருத்துவமனைகளுக்கே எட்டாமல் இருந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் எடுக்கும், உயிரை எடுக்காது. வலி வரும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் தவறாமல் வேண்டும், மார்ஃபினை நிறுத்தச் சொல்லி அடம்பிடிப்பவர்களில் பலருக்குக் காரணம் அந்தச் சிக்கல்தான். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் வேலை அல்ல.

பார்த்துக்கொள்கிறவருக்கும் துணை வேண்டும்

எல்லா வீட்டிலும் ஒரே ஒரு ஆள்தான் உண்மையில் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். "நான் ஆறு மணி வரைக்கும் இருக்கேன்க்கா, நீங்க போய்த் தலைக்குக் குளிச்சிட்டு ஒரு மணி நேரம் படுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்பது யாருக்கும் உதவாது, அவர் கேட்கவே மாட்டார்.

அந்த அலுப்பு எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தென்மாவட்டங்கள் சிலவற்றில், படுக்கையில் கிடக்கும் முதியவரை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்தது, இன்னும் முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கேட்காத மாதிரி இருக்காதீர்கள். அது கொலை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அன்றைக்கே செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவியுங்கள், நோயாளியை ஆபத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். வலியை அடக்க வழி இருக்கிறது, வேறு இடத்தில் சில நாள் வைத்துப் பார்க்கவும் வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பல குடும்பங்கள் அந்தப் பேச்சைக் கைவிடும்.

பணம், நகை, பத்திரம் எதையும் தொடாதீர்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். செயற்கை சுவாசம் வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதிவைக்க விரும்பினால் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அதை அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும்.

கடைசி நாட்கள்

நாளின் பெரும்பகுதி தூக்கம். சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்துவிடும். கைகால் சில்லிட்டு, முட்டியிலும் பாதத்திலும் கருநீலத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக வாங்கி, அரை நிமிடம்கூட நின்று, மறுபடி வரும். எப்போதோ இறந்துபோன அம்மா வந்து நிற்பதாகச் சொல்வார். அதை மறுக்க வேண்டாம், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேளுங்கள். சிலர் திடீரென்று தெளிந்து எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்கள். வீடு சந்தோஷப்படும். பிழைத்துவிட்டார் என்று நீங்களும் சேர்ந்து சொல்லிவிடாதீர்கள், வெளியூரில் இருப்பவர்களை வரச் சொல்ல வேண்டிய நேரம் அது.

தொண்டையில் சளி கரகரக்கும். கேட்பவர்களுக்குப் பயங்கரமாக இருக்கும், அவருக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைச் சற்றே உயர்த்துங்கள். விரிப்பைப் பிடித்து இழுப்பதும் எழுந்து ஓடப் பார்ப்பதுமாகத் தவித்தால் வலியோ, சிறுநீர் அடைப்போ, மலச்சிக்கலோ இருக்கலாம். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது பாலைக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன், மண் கரைத்த தண்ணீர், கங்கைத் தண்ணீர், ஜம்ஜம் தண்ணீர். சம்பிரதாயத்தைத் தடுக்காதீர்கள், முறையை மட்டும் மாற்றுங்கள்: "பாட்டிக்கு விழுங்க முடியல, துணியில நனைச்சு உதட்டுல தொட்டு வைங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாதிரியார் வந்து எண்ணெய் பூசுவதோ, காதருகே கலிமா ஓதுவதோ, பதிகம் பாடுவதோ எது வேண்டும் என்று அவர் பேசுகிற காலத்திலேயே கேட்டு வைத்திருந்தால் இப்போது குழப்பம் இருக்காது. மூச்சு திணறினால் 108-ஐக் கூப்பிடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதையும் முன்பே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் அக்கம்பக்கத்தார் முடிவெடுத்தால் அவர் விரும்பாத ஐசியூவில் போய் முடியும்.

பேசிக்கொண்டே இருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சாவின் விளிம்பில் நினைவின்றிக் கிடந்த சிலரின் மூளை, சத்தத்துக்கு நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே அசைவு காட்டியது. அதனால் துபாயில் இருக்கும் மகனின் குரலைப் போனில் அவர் காதருகே வையுங்கள். சொத்துப் பேச்சையும் ஐஸ்பெட்டிக்குச் சொல்லிவிட்டாயா என்ற கேள்வியையும் அறைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

உயிர் பிரிந்த பிறகு

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, வீட்டார் கொஞ்ச நேரம் அழட்டும். கண்தானம் செய்வதாக இருந்தால் மட்டும் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்துவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கச் சொல்லுங்கள். வீட்டு இறப்புக்கு அது படிவம் 4ஏ. 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாடை கட்டுவதும் கால் பெருவிரல் கட்டுவதும் குளிப்பாட்டுவதும் அந்த வீட்டு முறைப்படி அவர்களே செய்வார்கள். கூப்பிட்டால் கை கொடுங்கள். மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிச் செவிலியரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் ஒருதடவை போய்வாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தே பழகிய அந்த அம்மாவுக்கு ராத்திரி அந்தந்த நேரத்துக்கு விழிப்பு வரும். தன்னுடைய பிரஷர் மாத்திரையை எப்போதோ விட்டிருப்பார், கேளுங்கள். "இன்னும் கொஞ்சம் நல்லா பாத்திருக்கலாமோ" என்று சொல்வார். பொதுவாகச் சமாதானம் சொல்லாமல், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: உதடு காயாமல் பார்த்துக்கொண்டது, முதுகில் ஒரு புண் வராமல் காப்பாற்றியது, அவர் கேட்ட அன்றைக்கு நாத்தனாரை வரவழைத்தது.

குழுவிலிருந்து அடுத்த வீட்டு முகவரி வரும். உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். செவிலியரிடமோ கூட வந்த தன்னார்வலரிடமோ உட்கார்ந்து பேசுங்கள், இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுப் போங்கள்.